மூன்றே வாரத்தில் இரண்டு ஐஎஸ்ஓ சான்றிதழ்: வாங்கலாமா?

கேள்வி: கோவையில் அப்பா காலத்திலிருந்து கிரே அயர்ன் ஃபவுண்டரி (இரும்பை உருக்கி மண் அச்சில் வார்க்கும் ஆலை) நடத்தி வருகிறோம். இப்போது நானும் தம்பியும் பார்த்துக்கொள்கிறோம். பம்ப் பாடி, மோட்டார் ஃப்ரேம் என்று மாதம் சுமார் 80 டன் வார்ப்பு. 42 பேர் வேலை செய்கிறார்கள். ரிஜெக்‌ஷன் (கோளாறால் தள்ளப்படும் வார்ப்பு) எட்டு சதவீதத்துக்குக் கீழே இறங்கியதே இல்லை. எங்களிடம் பாதிக்கு மேல் சரக்கு எடுக்கும் பம்ப் கம்பெனி, அடுத்த மார்ச்சுக்குள் தரத்துக்கான ஐஎஸ்ஓ 9001, சுற்றுச்சூழலுக்கான ஐஎஸ்ஓ 14001 இரண்டும் வேண்டும் என்று கடிதம் அனுப்பியிருக்கிறது. ஒரு கன்சல்டன்ட் 35,000 ரூபாய்க்கு மூன்று வாரத்தில் இரண்டையும் வாங்கித் தருகிறேன், ஆலைக்கு யாரும் வரவே வேண்டாம் என்கிறார். ‘வெறும் பேப்பர்தானேண்ணா, வாங்கி மாட்டிட்டு வேலையைப் பார்ப்போம்’ என்கிறான் தம்பி. பக்கத்து ஃபவுண்டரிக்காரர் நாலு வருடமாகச் சான்றிதழ் வைத்திருக்கிறார். அவருக்கும் எங்கள் அளவு ரிஜெக்‌ஷன்தான். இதனால் உண்மையில் லாபம் கூடுமா? தரத்துக்கு ஒன்று, சரி. சுற்றுச்சூழலுக்கு எதற்கு இன்னொன்று?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை.

பதில்: அந்தக் கன்சல்டன்டுக்கு இன்றைக்கே போன் போட்டு ‘வேண்டாங்க’ என்று சொல்லிவிடுங்கள். மற்றதை அதற்குப் பிறகு பேசலாம்.

காரணம் இதுதான். ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தரநிர்ணய அமைப்பு யாருக்கும் சான்றிதழ் கொடுப்பதில்லை. விதிமுறையை எழுதி வெளியிடுவதோடு அதன் வேலை முடிந்தது. சான்றிதழ் தருபவை தனி நிறுவனங்கள். அந்த நிறுவனங்கள் ஒழுங்காக ஆடிட் செய்கின்றனவா என்று பார்க்கப் பல நாடுகளிலும் அங்கீகார வாரியம் இருக்கிறது. நம் நாட்டில் இந்தியத் தரக் கவுன்சிலின் கீழ் இயங்கும் என்ஏபிசிபி அந்த வேலையைச் செய்கிறது. எத்தனை பேர் வேலை செய்யும் ஆலைக்கு எத்தனை ஆள்நாள் (ஓர் ஆடிட்டர் ஒரு நாள் செய்யும் வேலை) ஆடிட் தேவை என்பதற்குக்கூட சர்வதேச அட்டவணை உண்டு. 26 முதல் 45 பேர் வரை உள்ள இடத்துக்கு ஐஎஸ்ஓ 9001-க்கு மட்டும் முதல் ஆடிட் நான்கு ஆள்நாள். ஆலையின் தன்மையைப் பொறுத்து அது கொஞ்சம் கூடலாம், குறையலாம். ஆனால் பூஜ்யமாக ஆகாது. 14001-க்கு அதற்கு மேல் தனியாக நாள் வேண்டும். உலைக்குப் பக்கத்தில் ஒருவரும் வந்து நிற்காமல் உங்களுக்கு ஒரு சான்றிதழ் வருகிறதென்றால், அது அங்கீகாரம் இல்லாத ஏதோ ஓர் அச்சகத்துச் சரக்கு.

இன்னொரு விதியையும் தெரிந்துகொள்ளுங்கள். சான்றிதழ் தரும் நிறுவனம் அதே ஆலைக்கு ஆலோசனை சொல்லக் கூடாது. தேர்வுக்குப் படிக்க வைப்பவரே தாள் திருத்த முடியாது. ‘எல்லாம் நானே பார்த்துக்கறேன், சர்டிபிகேட்டும் நம்மகிட்டயே’ என்று சொல்பவர் அந்த ஒரு வாக்கியத்திலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறார். உங்கள் பம்ப் கம்பெனி அந்தத் தாளைப் பார்த்து ஏமாந்தாலும், அவர்களிடம் வாங்கும் வெளிநாட்டு வாடிக்கையாளர் ஏமாற மாட்டார். சான்றிதழ் உண்மையா என்று பார்க்க ‘ஐஏஎஃப் செர்ட்சர்ச்’ என்ற பொதுத் தரவுத்தளம் இருக்கிறது; நிறுவனத்தின் பெயரைத் தட்டினால் போதும். பாதிக்கு மேல் சரக்கு எடுப்பவரிடம் போலித்தாள் கொடுத்து மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இனி உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன். லாபம் கூடுமா?

உங்கள் தம்பியிடம் பாதி நியாயம் இருக்கிறது. சான்றிதழ் தாள் தானாக ஒரு ரூபாய்கூடச் சம்பாதிக்காது. ஐஎஸ்ஓ 9001 வெளிவந்தது 1987-ல், 14001 வந்தது 1996-ல். அன்றிலிருந்து இது பற்றி ஆராய்ச்சியாளர்களுக்குள் விவாதம் ஓயவில்லை. ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் சான்றிதழ் பெற்ற 400 நிறுவனங்களையும் பெறாத 400 நிறுவனங்களையும் வைத்து ஓர் ஒப்பீடு செய்தார்கள். 2002-ல் முடிவு வந்தது. சான்றிதழ் பெற்றவர்களிடம் லாபம் அதிகம்தான். ஆனால் அந்த லாபம் சான்றிதழ் வாங்குவதற்கு முன்பே அதிகமாகத்தான் இருந்தது. நன்றாக நடத்துகிறவர்கள்தான் சான்றிதழும் வாங்குகிறார்கள் என்பதே அதற்குப் பொருள். உங்கள் பக்கத்து ஃபவுண்டரிக்காரர் கதைக்கு இது பொருந்துகிறது.

ஆனால் எதிர்ப்பக்கச் சான்றும் வலுவாகவே இருக்கிறது. டேவிட் லெவின், மைக்கேல் டாஃபல் என்ற இருவர் 2010-ல் கலிஃபோர்னியாவின் ஒற்றை ஆலை நிறுவனங்களை எடுத்துக்கொண்டு, 9001 பெற்றவர்களையும் அவர்களோடு எல்லா வகையிலும் ஒத்த மற்றவர்களையும் பல ஆண்டுக் கணக்கில் பார்த்தார்கள். பெற்றவர்கள் மூடாமல் தாக்குப்பிடித்தது அதிகம். விற்பனை, ஆள் எண்ணிக்கை, தொழிலாளர்களின் மொத்தச் சம்பளம் எல்லாம் வேகமாக வளர்ந்திருந்தன. அமெரிக்காவின் பங்குச்சந்தை நிறுவனங்களை ஆராய்ந்த மற்றோர் ஆய்வு 2005-ல் வந்தது. சான்றிதழுக்குப் போன நிறுவனங்களின் சொத்து மீதான லாப விகிதம் மூன்று ஆண்டுகளுக்குள் மற்றவர்களைவிட நன்றாக ஆனதை அது காட்டியது. ஒரே சான்றிதழ், ஒரே விதிமுறை. சிலருக்குப் பலன், சிலருக்கு இல்லை. எங்கே பலன் கிடைத்தது என்று துழாவியவர்களுக்குக் கிடைத்த பதில், விதிமுறையை அன்றாட வேலைக்குள் கொண்டுவந்தவர்களிடம் என்பதுதான். ஆடிட்டுக்கு முந்தைய வாரம் மட்டும் ரெஜிஸ்டரைத் திறப்பவர்களுக்கு வாடிக்கையாளரின் சப்ளையர் பட்டியலில் இடம் கிடைக்கும். அதற்கு மேல் ஒன்றும் கிடைக்காது. அந்த இடமும் உங்கள் நிலையில் சின்ன விஷயமில்லை, பாதி ஆர்டர் அதில்தான் தொங்குகிறது.

இதை உங்கள் ஆலைக் கணக்கிலேயே பார்ப்போம். உங்கள் கடிதத்தில் இருக்கும் எண்களிலிருந்து தொடங்கி, மற்றதற்குத் தோராய விலை போடுகிறேன். 80 டன்னில் எட்டு சதவீதம் என்றால் மாதம் 6.4 டன் வார்ப்பு திரும்ப உலைக்குப் போகிறது. ‘இரும்பு எங்கேயும் போகலையே, மறுபடி உருக்கிக்கிறோமே’ என்று ஃபவுண்டரிக்காரர்கள் எல்லோரும் சொல்வார்கள். உருகிய இரும்பு அச்சுக்குள் போகும் வழியிலும் அதன் மேலும் உறைந்து நிற்கும் ரன்னர், ரைசரைச் சேர்த்தால் 6.4 டன் வார்ப்புக்கு ஏறக்குறைய 10 டன் திரவ இரும்பு உருக்கியிருப்பீர்கள். இண்டக்‌ஷன் உலையில் ஒரு டன்னுக்கு 600 யூனிட் என்று வைத்தால் 6,000 யூனிட் மின்சாரம் வீண். யூனிட்டுக்கு எட்டு ரூபாய் போட்டால் 48,000 ரூபாய். இது மின்சாரம் மட்டும். மண், அதைப் பிணைக்கும் பெண்டோனைட், கோர் ரெசின், அச்சுப் பிடிக்கும் மோல்டிங் கூலி, வார்ப்பைச் சுத்தம் செய்யும் ஃபெட்லிங் கூலி, உருக்கும்போது கசடாகப் போகிற இரும்பு எல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு 25 ரூபாய் செலவு என்று எடுத்துக்கொண்டால் மாதம் 1,60,000 ரூபாய். உங்கள் உண்மையான விலைகளைப் போட்டுப் பாருங்கள், கொஞ்சம் முன்பின் இருக்கும். ரிஜெக்‌ஷனைப் பாதியாக்கினால் வருடத்துக்கு ஒன்பதரை லட்சத்துக்கு மேல் மிச்சம். பம்ப் கம்பெனியின் மெஷின் ஷாப்பில் போரிங் போட்ட பிறகு ஓட்டை தெரிந்து அவர்கள் அனுப்பும் டெபிட் நோட்டு இந்தக் கணக்கில் சேரவில்லை.

அந்தப் பாதியை எப்படிக் குறைப்பது? இங்கேதான் 9001 உள்ளே வருகிறது. ஒரு சிறு ஃபவுண்டரியின் கோளாறு ரெஜிஸ்டரைத் திறந்தால் நான் வழக்கமாகப் பார்ப்பது இதுதான்: ‘ப்ளோ ஹோல் — 14 நம்பர்’, அதாவது வாயு ஓட்டை விழுந்த வார்ப்பு 14. காரணம் என்ற கட்டத்தில் ‘மண் ஈரம்’. திருத்த நடவடிக்கை என்ற கட்டத்தில் ‘மோல்டருக்கு அறிவுறுத்தப்பட்டது’. அடுத்த வாரம் அதே பக்கம், அதே மூன்று வரி. கேட்டால், ‘ஏனுங்க, ஆடி மாசச் சாரலுங்க, மண்ணு எப்பிடிங்க காயும்?’ என்பார் ஃபோர்மேன். மோல்டரை அறிவுறுத்தி அறிவுறுத்தி அவருக்கே அலுத்திருக்கும்.

அதே கோளாறை ஹீட் நம்பர் வாரியாக, அதாவது ஒவ்வொரு முறை உருக்கி ஊற்றியதற்கும் இட்ட எண் வாரியாக, பிரித்துப் பாருங்கள். காலை ஹீட்டுகளில் ஒன்றிரண்டுதான் போயிருக்கும். மதியம் இரண்டு மணிக்கு மேல் ஊற்றியவைதான் குப்பையில் குவிந்திருக்கும். சாரலுக்குக் காலை, மதியம் என்று பேதம் கிடையாது. அப்படியானால் என்ன? காலையில் ஊற்றிய மண் உடைக்கப்பட்டு, ஆறுவதற்குள் மறுபடி மிக்ஸருக்கு வந்துவிடுகிறது. சூடான மண்ணில் ஈரம் நிற்காது. ஆபரேட்டர் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு இன்னும் தண்ணீர் விடுவார். மோல்டுக்குப் போகும்போது ஒரு பெட்டியில் ஈரம் கூடும், அடுத்ததில் குறையும். கூடினால் வாயு ஓட்டை, குறைந்தால் ஓரம் உதிர்ந்து வார்ப்புக்குள் மண். மண் சோதனை காலையில் எட்டு மணிக்கு ஒரு தரம் மட்டும் என்றால் இது ஒருநாளும் தெரியாது. காலை எட்டு மணிக்கு எல்லாம் சரியாகத்தான் இருக்கும்! திரும்பும் மண்ணை ஆறவிட இன்னும் கொஞ்சம் மண்ணைச் சுற்றில் சேர்ப்பது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஈரமும் சூடும் பார்ப்பது, 50 டிகிரிக்கு மேல் இருந்தால் மிக்ஸரை நிறுத்துவது என்று மூன்று முடிவு எடுத்தால் போதும். இந்தத் தடத்தில் உங்களைக் கொண்டுபோவதுதான் 9001-ல் இருக்கும் ‘திருத்த நடவடிக்கை’ என்ற பிரிவு. நடந்த தவறைச் சரிசெய்வதோடு நிறுத்தாமல், காரணத்தைப் பிடித்து, எடுத்த நடவடிக்கை பலித்ததா என்று திரும்பப் பார்க்கச் சொல்கிறது. ‘அறிவுறுத்தப்பட்டது’ என்பதை நல்ல ஆடிட்டர் ஏற்கவே மாட்டார்.

ஹீட் நம்பர் இல்லாமல் இது எதுவும் நடக்காது. ஒவ்வொரு வார்ப்பிலும் தேதியும் ஹீட்டும் தெரியும்படி செய்வதுதான் உங்கள் முதல் வேலை.

ஒரு எச்சரிக்கை. உங்கள் மோல்டர்கள் பீஸ் ரேட்டில் வேலை செய்கிறவர்களாக இருப்பார்கள் என்று நினைக்கிறேன். இந்த ரெஜிஸ்டரை வைத்துக் கூலியைப் பிடிக்காதீர்கள். பிடித்தால் அடுத்த வாரமே ரிஜெக்‌ஷன் அழகாகக் குறைந்துவிடும். ஓட்டையைப் பட்டி வைத்து அடைத்து, பெயின்ட் அடித்து, பம்ப் கம்பெனிக்கே அனுப்பியிருப்பார்கள். வேலை முறையைச் சுவரில் ஒட்டுவதென்றால் படமாக ஒட்டுங்கள். கோவை ஃபவுண்டரிகளில் பலர் ஒடிசா, பீகார்க்காரர்கள். தட்டச்சு செய்த ஆங்கிலத் தாள் யாருக்கும் உதவாது, தமிழ்த் தாளும் அவர்களுக்கு உதவாது. சரியான ஈரத்தில் மண் எப்படி உடையும், தவறான ஈரத்தில் எப்படி உடையும் என்று இரண்டு போட்டோ போதும்.

பேப்பர் பற்றித் தம்பி பயப்படுகிறார் இல்லையா? அவருக்கு நல்ல செய்தி. 2015 பதிப்பில் தரக் கையேடு கட்டாயமில்லை. மேலாண்மைப் பிரதிநிதி என்று ஒருவரைத் தனியாக நியமிப்பதும் கட்டாயமில்லை. முன்பு எழுத்தில் இருந்தே ஆக வேண்டும் என்றிருந்த ஆறு நடைமுறைகளும் போயின. ஆனாலும் இன்றும் 150 பக்கக் கையேட்டைப் போட்டு விற்கிறார்கள். ஒரு வார்ப்பு ஆலையின் கையேட்டில் ‘கிருமிநீக்கம் செய்யப்பட்ட அறை’ என்று ஒரு பகுதியையே கண்டிருக்கிறேன். மருந்துக் கம்பெனிக்குப் போட்டதை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள். உங்களுக்குத் தேவை நீங்களே புரிந்து எழுதிய சில பக்கங்களும், தினமும் நிரப்பும் நாலைந்து தாள்களும்தான். மண் சோதனை, உருக்குப் பதிவு, ரிஜெக்‌ஷன், வாடிக்கையாளர் புகார், அளவுக் கருவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று பார்க்கும் காலிபரேஷன். மூன்று மாதத் தாளும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து, ஒரு கறையும் இல்லாமல் இருந்தால் ஆடிட் செய்கிற எங்களுக்குத் தெரிந்துவிடும். ஃபவுண்டரித் தாளில் கரி விரல் பதிந்திருக்க வேண்டும்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி: சுற்றுச்சூழலுக்கு எதற்கு இன்னொன்று?

மேலே சொன்ன சூடான மண் கதையையே இன்னொரு பக்கமாகப் பாருங்கள். வீணாய்ப் போன 6,000 யூனிட்டும் 14001-ல் வரும், கொட்ட இடமில்லாமல் நீங்கள் லாரியில் ஏற்றும் கழிவு மண்ணும் வரும். ஒரு டன் வார்ப்புக்கு நாலைந்து டன் மண் சுற்றுகிறது. அதில் ஒரு பங்கு தினமும் வெளியே போகிறது, அதே அளவு புதுமண்ணைக் காசு கொடுத்து வாங்குகிறீர்கள். ரிஜெக்‌ஷன் குறைந்தால் இரண்டும் குறையும். தரக்குறைவும் மாசும் பெரும்பாலும் ஒரே ஓட்டை வழியாகத்தான் ஒழுகுகின்றன. அமெரிக்க உற்பத்தி ஆலைகளின் 1991 முதல் 1996 வரையான தரவுகளை ஆராய்ந்த ஒரு பெரிய ஆய்வு இதைக் காட்டியது. தரச் சான்றிதழ் எடுத்த, இருப்புச் சரக்கைக் குறைவாக வைத்திருந்த ஆலைகள் வெளியிட்ட நச்சுக் கழிவும் குறைவாக இருந்தது. 14001 எடுத்த ஆலைகள் மற்றவற்றைவிட வேகமாக மாசைக் குறைத்தன என்று 3,000-க்கும் மேற்பட்ட அமெரிக்க ஆலைகளைப் பார்த்த ஆய்வும் உண்டு. லாபத்தைப் பொறுத்தவரை 14001-ன் சான்று 9001 அளவுக்குத் தெளிவில்லை. ஓரிடத்தில் கூடுகிறது, இன்னோரிடத்தில் ஒன்றும் தெரியவில்லை. கனடாவில் 14001 பெற்ற ஆலைகளுக்குள் போய்ப் பார்த்த ஓர் ஆய்வாளர், பல இடங்களில் அது ஆடிட்டருக்குக் காட்டும் சடங்காகவே இருக்கிறது என்று எழுதினார். எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் உங்கள் தொழிலில் 14001-க்கு உருப்படியான வேலை இரண்டு இருக்கிறது.

ஒன்று, மின்சாரம். உலைக்குத் தனி மீட்டர் வைத்து ஹீட்டுக்கு ஹீட் டன்னுக்கு எத்தனை யூனிட் என்று எழுதத் தொடங்குங்கள். ஒரே உலை, ஒரே இரும்பு. ஆனால் ஒரு ஹீட்டில் 580, இன்னொன்றில் 700 வந்தால் ஏன் என்று கேளுங்கள். பெரும்பாலும் உருகிய இரும்பு தயாராக இருந்தும் மோல்டு தயாராக இல்லாமல் உலை காத்துக்கொண்டிருந்திருக்கும், அதுவும் மூடி திறந்தபடி. அது மோல்டிங் திட்டத்தின் கோளாறு, உலைக்காரர் தவறில்லை. காற்று கம்ப்ரசரையும் விடாதீர்கள். சாப்பாட்டு நேரத்தில் எல்லா மெஷினும் நின்ற பிறகு ஷாப்புக்குள் நடந்து போனால் ‘உஸ்’ என்று எத்தனை இடத்தில் கேட்கிறது என்று எண்ணுங்கள். பழைய ஆலைகளில் அழுத்தக் காற்றில் கால்வாசி கசிவிலேயே போவது சாதாரணம். பைப் ஜாயின்ட்டை இறுக்குவதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம்.

இரண்டாவது, சட்டம். 14001-ல் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, உங்கள் மீது பாயக்கூடிய சட்டக் கடமைகளைப் பட்டியலிட்டு, அவற்றைக் கடைப்பிடிக்கிறோமா என்று நீங்களே குறித்த காலத்தில் சரிபார்க்கச் சொல்வதுதான். ஆலை நடத்த மாசு கட்டுப்பாட்டு வாரியம் தந்த இசைவாணையை எடுத்து, பின்னால் இருக்கும் நிபந்தனைகளைக் கடைசியாக எப்போது படித்தீர்கள்? பல முதலாளிகள் புதுப்பிக்கும் தேதியை மட்டும்தான் பார்க்கிறார்கள். அதில் அனுமதித்த உற்பத்தி அளவைத் தாண்டி ஊற்றிக்கொண்டிருப்பதே தெரியாமல் இருப்பவர்கள் உண்டு. உலையைச் சாய்க்கும் ஹைட்ராலிக்கிலிருந்து வடித்த பழைய ஆயில் பேரலை எங்கே விற்கிறீர்கள்? 2016-ன் அபாயக் கழிவு விதிகளின்படி அது அபாயக் கழிவு. பொதுவாக 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் கொடுக்க வேண்டும், ஆண்டறிக்கையை ஜூன் 30-க்குள் வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். பழைய இரும்புக்காரரிடம் பேரல் கணக்கில் விற்றுவிடுவது நம் ஊர் வழக்கம். பிடிபடாத வரை அதன் விலை தெரியாது.

அந்த விலை எவ்வளவு வரை போகும் என்பதற்கு உங்களுக்கு வெளியூர் உதாரணம் வேண்டாம். ஒரு மணி நேரப் பயணத்தில் திருப்பூர். நொய்யலில் சாயக்கழிவு கலந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் உத்தரவிட, நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகள் ஒரே மூச்சில் மூடப்பட்டன. தையல் நன்றாக இருந்தவர், ஏற்றுமதித் தேதி தவறாதவர் என்றெல்லாம் பார்க்கவில்லை. சாயம் கிடைக்காமல் எல்லோருமே திணறினார்கள். பிறகு கழிவுநீரை ஒரு சொட்டும் வெளிவிடாத முறைக்கு மாறிய பட்டறைகள்தான் திரும்பத் திறந்தன. இதை எந்த லாப நஷ்டக் கணக்கிலும் ஒரு வரியாகக் காட்ட முடியாது. சுற்றுச்சூழல் மேலாண்மை லாபத்தைக் கூட்டுமா என்று ஆராய்கிறவர்களின் எண்களில் இந்த மாதிரி தவிர்த்த ஆபத்து பெரும்பாலும் விழுவதே இல்லை.

உங்கள் வாடிக்கையாளர் திடீரென்று இதைக் கேட்பதற்கும் காரணம் இருக்கிறது. பங்குச்சந்தையில் உள்ள முதல் 1,000 நிறுவனங்கள் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு பற்றி ஆண்டறிக்கையில் தெரிவிக்க வேண்டும் என்பது பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிப்படி 2022-23 முதல் கட்டாயம். அவர்கள் தங்கள் சப்ளையர்களைக் கேட்கிறார்கள், அது படிப்படியாகக் கீழே இறங்கி உங்கள் ஷெட்டுக்கு வந்திருக்கிறது. ஐரோப்பா போகும் இரும்புச் சரக்குக்கு அதன் உற்பத்தியில் வெளியான கார்பனைக் கணக்கிட்டு எல்லையிலேயே கட்டணம் வாங்கும் முறையின் முழுக் கட்டமும் 2026 ஜனவரியில் தொடங்கியது. எல்லா வார்ப்பும் அந்தப் பட்டியலில் இல்லை; சுங்கத்தில் சரக்கை வகைப்படுத்தும் எச்எஸ் குறியீடு உங்கள் சரக்குக்கு எது என்று பார்த்து, அதை வைத்துப் பம்ப் கம்பெனியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எப்படியானாலும் டன்னுக்கு எத்தனை யூனிட் என்ற அந்த ஒரு தாள் எல்லாக் கேள்விக்கும் பதிலாக இருக்கும். 2024-ல் இரண்டு விதிமுறைகளிலும் பருவநிலை மாற்றம் உங்கள் தொழிலைப் பாதிக்குமா என்று யோசிக்கச் சொல்லி ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். பலர் இதைச் சிரித்துக்கொண்டே ‘பொருந்தாது’ என்று எழுதிவிடுகிறார்கள். கோடையில் போர்வெல் வற்றி உலையின் குளிர்நீருக்கு டேங்கர் வாங்கியவர் அப்படி எழுதலாமா என்று யோசித்துக்கொள்ளட்டும்.

இரண்டையும் தனித்தனியாகச் செய்ய வேண்டாம். 2015-லிருந்து இரண்டு விதிமுறைகளுக்கும் ஒரே பத்துப் பிரிவுச் சட்டகம். உள் தணிக்கை ஒன்று, நிர்வாக மறுஆய்வுக் கூட்டம் ஒன்று, இலக்குத் தாள் ஒன்று என்று சேர்த்தே நடத்தலாம். சான்றிதழ் ஆடிட்டையும் சேர்த்துச் செய்யச் சொன்னால் ஆள்நாள் கொஞ்சம் குறையும். சான்றிதழ் மூன்று வருடத்துக்கு, இடையில் ஆண்டுதோறும் கண்காணிப்பு ஆடிட் வரும். அதனால் கொட்டேஷன் கேட்கும்போது முதல் வருடக் கட்டணத்தை மட்டும் பார்க்காமல் மூன்று வருடத்துக்கும் சேர்த்துக் கேளுங்கள். முதல் வருடம் மலிவாகப் போட்டு அடுத்த வருடம் ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். என்ஏபிசிபி அங்கீகாரம் உள்ள மூன்று இடத்தில் கொட்டேஷன் வாங்குங்கள். அங்கீகாரம் வார்ப்புத் துறைக்கும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கால அளவு? மார்ச் வரை நேரம் இருக்கிறது. முதல் மாதம் ஹீட் நம்பரும் மேலே சொன்ன தாள்களும். குறைந்தது மூன்று மாதப் பதிவு கையில் இருந்தால்தான் ஆடிட்டர் பார்ப்பதற்கு ஏதாவது இருக்கும். அதன் நடுவிலேயே உள் தணிக்கை ஒன்று. ஃபோர்மேனையும் கணக்குப் பார்க்கிறவரையும் பயிற்சிக்கு அனுப்பினால் ஒருவர் பகுதியை இன்னொருவர் தணிக்கை செய்யலாம். கன்சல்டன்ட் வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள், நல்லவர்கள் இருக்கிறார்கள். ஷெட்டுக்குள் வந்து கையில் மண் எடுத்துப் பார்க்கிறவராக இருக்கட்டும். திங்கள்கிழமை காலையில் கால் மணி நேரம் நீங்களும் தம்பியும் ஃபோர்மேனும் ரிஜெக்‌ஷன் குவியலுக்கு முன்னால் நின்று பேசுவதை மட்டும் எந்தக் கன்சல்டன்ட்டுக்கும் விட்டுவிடாதீர்கள். ‘உயர் நிர்வாகத்தின் ஈடுபாடு’ என்று விதிமுறையில் பெரிதாக எழுதியிருப்பது, உங்கள் அளவு ஆலையில் அந்தக் கால் மணி நேரம்தான். மற்றபடி இது தரத்தின் உச்சி என்று நினைத்துவிட வேண்டாம். சென்னை பாடியில் வாகன உதிரிபாகம் செய்யும் சுந்தரம் கிளேட்டன், தரத்துக்கான ஜப்பானின் டெமிங் பரிசை 1998-ல் வாங்கியது. இந்தியாவிலேயே அதுதான் முதல் முறை. அது வேறு உயரம், ஐஎஸ்ஓ அதற்கெல்லாம் கீழே போடும் தளம்.

செலவுக்கு வழி உண்டு. மத்திய அரசின் ‘ஜெட்’ திட்டம், அதாவது குறைபாடும் பாதிப்பும் பூஜ்யம் என்ற பெயரில் தரத்தையும் சுற்றுச்சூழலையும் ஒன்றாகப் பார்க்கும் சிறுதொழில் சான்றிதழ், 2022-ல் திருத்தப்பட்டு வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று படியாக இருக்கிறது. சான்றிதழ்க் கட்டணத்தில் குறுநிறுவனத்துக்கு 80, சிறுநிறுவனத்துக்கு 60, நடுத்தரத்துக்கு 50 சதவீதம் மானியம். எது குறுநிறுவனம் என்பதற்கான வரம்பை 2025 ஏப்ரலில் உயர்த்தியிருக்கிறார்கள். இயந்திர முதலீடு 2.5 கோடிக்குள்ளும் விற்றுமுதல் 10 கோடிக்குள்ளும் இருந்தால் நீங்கள் குறுநிறுவனம். உங்கள் டன் அளவைப் பார்த்தால் அதற்குள்ளேயே வரலாம். சிறுதொழில் பதிவுக்கான உத்யம் சான்றிதழில் எந்த வகை என்று போட்டிருக்கிறது என்று பாருங்கள். ‘ஜெட்’ வாங்கினால் பம்ப் கம்பெனி கேட்கும் ஐஎஸ்ஓவுக்கு ஈடாகாது. ஆனால் அதற்கு நீங்கள் செய்யும் தயாரிப்பு அப்படியே இதற்கும் உதவும். ஐஎஸ்ஓ கட்டணத்தைத் திருப்பித் தர மாநில அரசின் ‘கியூ-செர்ட்’ திட்டம் இருக்கிறது. இப்போதைய தொகையையும் நிபந்தனையையும் மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டு, ஆடிட்டருக்குப் பணம் கட்டும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். எந்தெந்த ரசீது வேண்டும் என்று பின்னால் தேடி அலைய வேண்டியிருக்காது.

பம்ப் கம்பெனிக்கும் ஒரு கடிதம் போடுங்கள். என்ஏபிசிபி அங்கீகாரம் உள்ள சான்றிதழ் போதுமா, வேறு நாட்டு அங்கீகாரம் வேண்டுமா? இரண்டையும் ஒரே கூட்டு ஆடிட்டில் செய்தால் ஏற்பார்களா? மார்ச்சுக்குள் ஆடிட் முடிந்து சான்றிதழ் கைக்கு வரத் தாமதமானால் ஆடிட் அறிக்கையை வைத்துக் கணக்கில் எடுப்பார்களா? மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு பிறகு கொட்டேஷன் கேளுங்கள். நீங்கள் எடுக்கப்போகும் சான்றிதழின் வகை, செலவு, தேதி எல்லாவற்றையும் அந்தப் பதில்தான் தீர்மானிக்கும்.